ஒழுகும் வகுப்பறைக்கு எந்த நிதியைக் கேட்பது? டெல்டா ஊர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஐப்பசி அடைமழை பிடித்ததும் டெல்டாவின் பழைய பள்ளிக்கூடங்களில் பெஞ்சுகள் இடம் மாறும். ஒழுகும் மூலையை விட்டுத் தள்ளிப் போடுவார்கள். இரண்டு வகுப்பை ஒரே அறையில் சேர்த்து உட்கார வைப்பார்கள். மழை விட்டதும் விஷயம் மறந்துபோகும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் யாராவது பேச்செடுத்தால், "ஃபண்டு இல்லை" என்ற பதில் வரும். பள்ளிக் கட்டடத்துக்குப் பொதுப் பணம் வரக்கூடிய வழிகள் ஆறேழு இருக்கத்தான் செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அலுவலகம் வேறு, விதி வேறு, பிடிக்கும் காலம் வேறு. எந்தப் பழுதுக்கு எதைக் கேட்பது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மனுவைக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறோம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளையும் நடுநிலைப் பள்ளிகளையும் மனத்தில் வைத்து இந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் தலைக்கு மேல் இருக்கும் தளத்தையும் அதைத் தாங்கும் சுவரையும் அரசின் பட்ஜெட் பணத்தில்தான் சரிசெய்ய வேண்டும். முன்னாள் மாணவர் நன்கொடையும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் மற்ற வேலைகளுக்கு வரட்டும். உயிர் சம்பந்தப்பட்ட வேலையை யாருடைய மனமிரக்கத்துக்கும் விட்டுவைக்கக் கூடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்தத் துயரத்தை அடுத்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2009-இல் உச்ச நீதிமன்றம் கல்வி உரிமை என்பதற்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. 2025 ஜூலையில் ராஜஸ்தானின் ஜாலாவார் மாவட்டத்தில் பள்ளிக் கூரை விழுந்து ஏழு பிள்ளைகள் போனார்கள். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஆய்வு நடக்கிறது. ஆய்வுக்கு அடுத்து வரவேண்டிய பணம் எங்கிருந்து, எப்போது வரும் என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

பழுது எந்த வகை?

நிதியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மாடிக்கு ஏறிப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துக் கட்டடங்கள் கெடுவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. மண் வண்டலும் களியும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசியில் தண்ணீர் குடித்து உப்பும். ஆழம் போதாத அஸ்திவாரம் அதோடு சேர்ந்து அசையும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறும் விரிசல் பெரும்பாலும் இப்படி வந்ததாகத்தான் இருக்கும். வேதாரண்யம், நாகை, தரங்கம்பாடி பக்கம் இதோடு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் துரு ஏறினால் கம்பி பருக்கும். பருத்த கம்பி தன் மேலிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கும். வகுப்பறைத் தளத்தின் அடியில் பாளமாகப் பெயர்ந்து கம்பி தெரிகிறதே, அது இதுதான்.

ஆனால் தொடக்கம் பல இடங்களில் சின்ன விஷயமாக இருக்கிறது. மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்திருப்பார்கள். தட்டோட்டின் சந்து விட்டுப்போகும். மழைநீர்க் குழாயில் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேர்விடும். அதை மேலாக வெட்டிப் போட்டால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுத்துக் கலவை அடைத்தால்தான் நிற்கும். இந்தக் கட்டத்திலேயே கவனித்தால் சின்னத் தொகையில் முடிகிற வேலை. நாலைந்து மழைக்காலம் விட்டுவிட்டால் தண்ணீர் கம்பியைத் தொட்டுவிடும். அப்புறம் லட்சங்கள். அதையும் விட்டால் இடிப்புதான்.

ஆகவே பழுதை மூன்றாகப் பிரிக்கலாம். மேல்தளம், குழாய், பூச்சு, கதவு, தரை போன்றவை முதல் வகை. தளத்தில் அங்கங்கே பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தாலும் உத்தரமும் தூணும் உறுதியாக இருப்பது இரண்டாம் வகை. இதற்குப் பெயர்ந்ததைக் கொத்தியெடுத்து, துருவைத் தேய்த்து, கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, அதற்கென்று உள்ள கலவையால் நிரப்ப வேண்டும். சாதாரண சிமெண்டுப் பூச்சை மேலே பூசினால் மறு வருடமே விழும். உத்தரம் தொய்ந்தது, தூணில் கம்பியின் நீளத்துக்கு விரிசல் ஓடியது, அஸ்திவாரம் இறங்கியது எல்லாம் மூன்றாம் வகை. அந்த அறையை அன்றைக்கே பூட்ட வேண்டும். எந்த வகை என்று தீர்மானிப்பது ஊராட்சி ஒன்றியப் பொறியாளரின் வேலை. அவர் சொல்வதில் சந்தேகம் இருந்தால், செங்கிப்பட்டியில் உள்ள அரசு பொறியியல் கல்லூரி அல்லது திருச்சி என்.ஐ.டி. போன்ற இடத்தின் கட்டட உறுதித்தன்மை ஆய்வைக் கேட்டு எழுதலாம்.

ஒன்றை மட்டும் எந்த நிதியிலும் அனுமதிக்காதீர்கள்: ஒழுகலை நிறுத்தாமல் தளத்தின் அடிப்பக்கத்துக்கு வெள்ளையடிப்பது. ஈரக்கறையும் விரிசலும்தான் நமக்கு இருக்கிற எச்சரிக்கை, அதை மூடிவிட்டால் அடுத்து என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பள்ளி மானியம்

கைக்கு மிக அருகில் இருப்பது, ஒன்றிய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடம் 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000 என்று போகும். அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். டெண்டர் இல்லை, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் போதும் என்பது இதன் பெரிய வசதி. குழாய் அடைப்பை எடுக்க, தட்டோட்டுச் சந்தை அடைக்க, அரசங்கன்றைப் பிடுங்க இதைவிட வேகமான பணம் கிடையாது.

குறை என்னவென்றால், மானியத்தைத் தலைக்கணக்கில் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் குறைந்துபோன பள்ளிக்கும் கட்டடம் பழைய அளவிலேயேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் இருநூறு பேர் படித்த நான்கு அறைக் கட்டடத்தில் இன்று 28 பேர் படித்தால், வருகிற 10,000 ரூபாய் சாக்பீசுக்கும் பதிவேடுகளுக்கும் மற்ற செலவுகளுக்குமே பத்தாது. மழை நனைக்கும் தளத்தின் பரப்பு பிள்ளைகளின் எண்ணிக்கையோடு சேர்ந்து குறைவதில்லை. கட்டடத்தின் வயதையும் சதுர அடியையும் வைத்துப் பராமரிப்புப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது டெல்டா ஊர்கள் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை. இதை எந்தக் கட்சி மேடையிலும் வலுவாகக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அது எனக்கு வருத்தம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதம். ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் பிரச்சினையில் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு விடுவிக்கப்படாமல் நின்று, மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் இழுபறியில் ஒரு கிராமத்துப் பள்ளியின் மாடி காத்திருக்க வேண்டியதாகிறது. ஆகையால் மானியத்தை முதல் வகைப் பழுதுக்கு மட்டும் கணக்கில் வையுங்கள். இரண்டாம் வகையை இதில் துண்டுதுண்டாகச் செய்ய முயல்வது பணத்தைக் கரைப்பதாகத்தான் முடியும்.

ஒன்றியப் பொது நிதி

தொடக்கப் பள்ளியில் ஆசிரியரை நியமிப்பது கல்வித் துறை. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஊராட்சி ஒன்றியம். இந்த இரட்டை ஏற்பாடு தெரியாமல் வட்டாரக் கல்வி அலுவலரிடமே மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருக்கும் ஊர்கள் நிறைய. அவர் அதை வட்டார வளர்ச்சி அலுவலரின் (பி.டி.ஓ.) அலுவலகத்துக்கு அனுப்புவார். அங்கே அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்க ஆள் இருக்காது. கட்டடம் பற்றிய மனு நேராக வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போகவேண்டும், நகல்தான் கல்வி அலுவலருக்கு.

ஒன்றியத்திடம் மாநில நிதி ஆணையம் வழியாக வரும் பணமும், மத்திய நிதி ஆணைய மானியமும் உண்டு. 15-வது நிதி ஆணையம் தன் 2021-26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சி மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டி வைத்தது. மீதி 40 சதவீதம் சம்பளம், நிர்வாகச் செலவு நீங்கலாக ஊரின் தேவைக்குச் செலவிடக் கூடியது. நிதி ஆணையம் மாறும்போது விகிதமும் மாறலாம். ஆனால் கேட்கும் முறை மாறாது. கழிவறையும் தண்ணீர்த் தொட்டியும் கட்டுப்பட்ட பங்கிலிருந்து, தளப் பழுது கட்டுப்படாத பங்கிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ என்று பிரித்துக் கேட்டால் அலுவலகத்தில் யாரும் "இந்த ஹெட்டில் வராது" என்று திருப்பி அனுப்ப முடியாது.

இரண்டாம் வகைப் பழுதுக்கு இதுதான் சரியான இடம் என்று நினைக்கிறேன். எஸ்டிமேட் போடும் பொறியாளர், வேலையை மேற்பார்க்கும் பொறியாளர், பில் போடும் அலுவலகம் எல்லாம் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிராக நிற்பது போட்டி. அதே பணத்துக்குச் சாலையும் சிறுபாலமும் வரிசையில் நிற்கும். முன்பு ஒன்றியக் கவுன்சிலர் தன் வார்டுப் பள்ளிக்காகக் கூட்டத்தில் சண்டை போடுவார். 2025 ஜனவரி 5-உடன் டெல்டா மாவட்டங்கள் உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத காலத்தில் கிராம சபைத் தீர்மானத்துக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்துக்கும் கூடுதல் முக்கியத்துவம் வந்துவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அம்மாக்கள் ஒரு பிற்பகல் பி.டி.ஓ. அலுவலகத்துக்குச் சேர்ந்து போய் நின்றால் அந்த எஸ்டிமேட் நகரும். சும்மா தெம்பூட்டுவதற்காகச் சொல்லவில்லை, நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எம்.எல்.ஏ. நிதியும் எம்.பி. நிதியும்

சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதி ஒரு தொகுதிக்கு வருடம் 3 கோடி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. கேட்கும்போது எம்.பி. நிதி பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு நாடாளுமன்றத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். பிரித்தால் தொகுதிக்கு 83 லட்சம்தான். அதோடு எம்.பி. நிதியின் அடிப்படை நோக்கம் நிலையான பொதுச் சொத்தை உருவாக்குவது. புது வகுப்பறை, புதுக் கழிவறைத் தொகுதி என்றால் கேளுங்கள். பழைய தளத்துக்கு ஒட்டுப்போடும் வேலைக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

எம்.எல்.ஏ. நிதி நடைமுறையில் நெருக்கமானது. உறுப்பினர் பரிந்துரைத்தால் மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் கொடுத்து ஊரக வளர்ச்சித் துறை வழியாக வேலை நடக்கும். அதே ஒன்றியப் பொறியாளர்தான் இங்கேயும். ஒன்றியத்தில் "இந்த வருடம் பணம் முடிந்துவிட்டது" என்றால் அடுத்த கதவு இதுதான். ஆனாலும் திறப்பு விழா வைக்கக்கூடிய வேலைக்கு இந்த நிதி எளிதில் போகும் என்பதை எல்லாரும் அறிவோம். ரேஷன் கடை, பயணியர் நிழற்குடை, ஹைமாஸ் விளக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தட்டோடு மாற்றிய மாடியை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. சட்டமன்ற உறுப்பினரிடம் போகும்போது பொறியாளரின் எஸ்டிமேட்டையும் ஒழுகும் அறையின் படத்தையும் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை பிள்ளைகள் அந்த அறையில் உட்காருகிறார்கள் என்று சொல்லிக் கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டால் புது ஒப்புதல்கள் நின்றுவிடும் என்பதையும் நாள்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும்.

புதுக் கட்டடத் திட்டம்

மூன்றாம் வகைப் பழுதுக்கு மாநில அரசின் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. 2022-23 பட்ஜெட்டில், ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ 18,000 வகுப்பறைகள் இலக்கு. க. அன்பழகன் பிறந்தது திருவாரூர் மாவட்டம் காட்டூர். நம் மண்ணைச் சேர்ந்த முன்னாள் கல்வி அமைச்சர் ஒருவரின் பெயரில் உள்ள திட்டம் நம் பள்ளிகளுக்கு முழுசாக வந்து சேர வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது.

இரண்டு வகுப்பறைக் கட்டடம் என்றால் 30 லட்சத்தை ஒட்டி வரும். ஊர்ப் பணத்தில் முடிகிற காரியம் இல்லை. ஆகவே இடிக்க வேண்டிய கட்டடத்துக்கு இந்த வழிதான், வேறு யோசனை வேண்டாம். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, இடிப்புக்கும் புதுக் கட்டடத்துக்கும் இடையில் உள்ள காலம். இடிக்கும் உத்தரவு சீக்கிரம் வருகிறது, புதுக் கட்டடத்தின் ஒப்புதல் வரத் தாமதமாகிறது. பல ஊர்களில் அந்த இடைவெளியில் பிள்ளைகள் சமுதாயக் கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் படித்தார்கள். இடிப்பதற்கு ஒப்புதல் கேட்கும் அதே கடிதத்தில் மாற்று இடத்தையும் புதுக் கட்டடத்தின் முன்மொழிவையும் சேர்த்து வையுங்கள். ஆபத்தான அறையைப் பூட்டுவதற்கு மட்டும் எந்த ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அளவு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை என்று சொல்கிறது. ஈராசிரியர் பள்ளியில் நான்கு அறையை இடித்தால் திரும்பக் கிடைப்பது இரண்டாக இருக்கலாம். பழுதுபார்த்தால் தேறும் அறையையும் "மொத்தமாக இடிச்சிட்டுப் புதுசா வாங்கிடலாம்" என்று பட்டியலில் சேர்ப்பது பல ஊர்களில் நடக்கிற தவறு. தேறுகிற கட்டடத்துக்கு இப்போதே மூன்று லட்சம் செலவழிப்பது, ஐந்து வருடம் கழித்து வரக்கூடிய 30 லட்சத்துக்காக அதை நனையவிடுவதைவிட மேல்.

இங்கே ஓர் ஒப்புமை மட்டும் சொல்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கம் இருப்பதால் நம் கோயில்களில் விமானத்துச் செடியை அகற்றுவதும் தளத்தைத் தட்டோடு மாற்றுவதும் தானாக நடக்கின்றன. பழுது தெரிந்த பிறகு தொடங்குவதில்லை, காலம் வந்ததும் தொடங்குகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஒரு தவணை கிடையாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பள்ளி மாடியையும் பார்த்துச் சரிசெய்ய ஒன்றியத்தின் பட்ஜெட்டில் தனித் தலைப்பு இருந்தால் இடிப்புப் பட்டியலே பாதியாகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஊர்ப் பணம், கம்பெனிப் பணம்

1950-களின் பிற்பகுதியில் காமராசர் ஆட்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் மக்கள் நிலமும் கட்டடமும் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தார்கள். அந்தப் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அன்று அரசிடம் பணம் குறைவு, பள்ளியே இல்லாத ஊர்கள் நிறைய. இன்று நிலைமை வேறு.

நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். மூன்று லட்ச ரூபாய் வேலைக்கு ஊர் ஒரு லட்சம் தர வேண்டும். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் ஆட்கள் உள்ள கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கத்து ஊர்களுக்கு ஒரு லட்சம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் சேரும். விவசாயக் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் மட்டுமே தங்கள் பிள்ளைகளை அனுப்பும் பள்ளிக்கு அது எப்படிச் சேரும்? திருவாரூர் மாவட்ட மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பட்டியல் சாதியினர் என்கிறது 2011 கணக்கெடுப்பு. நிலமில்லாதவர்கள் அதிகம் உள்ள மாவட்டம் அது. பங்களிப்பு கேட்கும் திட்டத்தையே முதல் வழியாக வைத்தால், வசதியான ஊரின் பள்ளி முன்னே போகும், வசதியில்லாத தெருவின் பள்ளி பின்னே நிற்கும். அதனால்தான் தளத்தையும் சுவரையும் இதற்கு விடக்கூடாது என்கிறேன். சுற்றுச்சுவர், விளையாட்டுத் திடல், கலையரங்கம் போன்ற வேலைக்கு இது நல்ல திட்டம்.

2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக முன்னாள் மாணவர்களும் கம்பெனிகளும் பணம் தரலாம். நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு. டெல்டாவுக்கு இதில் இயல்பாகவே ஒரு குறை இருக்கிறது. கம்பெனிச் சட்டம் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கச் சொல்லும்போது, தொழில் நடக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. நம் பகுதியை 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் போட்டு அறிவித்தோம். அது சரியான முடிவு. நெல் விளைய வேண்டும் என்று பெருந்தொழில் வேண்டாம் என்ற பகுதிக்கு, பெருந்தொழிலின் பணம் தானாக வராது. ஓசூருக்கும் கோவைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கிடைக்கிற அளவு நமக்குக் கிடைக்காது. அந்த இழப்பை ஈடுகட்டும் விதமாக டெல்டா பள்ளிகளுக்கு மாநிலம் தன் பணத்தைக் கூடுதலாக ஒதுக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கேட்பு. கொடையாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஸ்மார்ட் போர்டும் வர்ணமும் தருவதற்கு முன், அந்த அறையின் தளம் ஒழுகுகிறதா என்று கேளுங்கள்.

மற்றவை

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் கதை வேறு. அவற்றின் பெரிய கட்டடங்கள் நபார்டு வங்கியின் ஊரக உள்கட்டமைப்பு நிதியில் மாநிலம் கடன் வாங்கிப் பொதுப்பணித் துறை வழியாகக் கட்டுவது வழக்கம். ஊர் மட்டத்தில் முடிவு செய்ய அதில் அதிகம் இல்லை, முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகப் பட்டியலில் சேர்ப்பதுதான் வேலை. நகரங்களில் சொத்து வரியோடு கல்விக்கான பங்கும் வசூலாகிறது. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளுக்கு அந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்.

அரசு உதவிபெறும் பள்ளிகள்தான் எனக்குக் கவலை. டெல்டாவில் அவை அதிகம், நூற்றாண்டு கடந்தவையும் பல. ராமானுஜன் படித்த கும்பகோணம் நகர மேல்நிலைப் பள்ளியும் உதவிபெறும் பள்ளிதான். ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. நிர்வாகத்துக்கு வருமானம் நின்றுபோன சிறு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் கட்டடத்தைப் பார்க்க ஆளே இல்லை. படிப்பது அதே ஏழைப் பிள்ளைகள். 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் நம் டெல்டாவில் இருக்கும்போது, சொத்து யாருடையது என்ற காரணத்தைச் சொல்லி இவர்களை விட்டுவிட முடியாது. கட்டடத்தின் மேல் அரசுக்கு உரிமைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டாவது பழுதுபார்க்கப் பணம் தரும் ஏற்பாடு ஒன்று வேண்டும்.

புயலுக்குப் பிறகு வரும் பேரிடர் நிவாரண நிதியையும் மறக்கக் கூடாது. 2018 நவம்பர் 16-இல் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கம் கூரை ஓடுகளும் ஷீட்டுகளும் பறந்தன. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. இப்படி வரும் சேதத்தை உடனே சரிசெய்யப் பேரிடர் நிதியில் இடமுண்டு. அதற்குச் சேதம் அந்த மழையிலோ புயலிலோ வந்தது என்று அந்த வாரமே பதிவாக வேண்டும். தேதியோடு படம், தலைமையாசிரியரின் கடிதம், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை மூன்றையும் தண்ணீர் வடிவதற்குள் எடுத்துவிடுங்கள். தாமதித்தால் "பழைய பழுது" என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஒரு பள்ளியை வைத்துத் தீர்மானிப்போம்

கற்பனையாக ஒரு பள்ளி. மன்னார்குடிப் பக்கம், 42 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். 1990-களில் கட்டிய இரண்டு அறைக் கான்கிரீட் கட்டடம். ஓர் அறையில் மூலை ஒழுகுகிறது, தளத்தின் அடியில் இரண்டு இடத்தில் கம்பி தெரிகிறது. பின்னால் 1960-களின் ஓட்டுக் கட்டடம், கூரையின் மரச்சட்டம் உளுத்துச் சுவர் வெளியே சாய்ந்திருக்கிறது. கழிவறைக்குக் கதவில்லை.

எல்லாரும் கேட்க நினைப்பது ஒரு புதுக் கட்டடம். நான் கேட்கச் சொல்வது வேறு. ஓட்டுக் கட்டடத்தை இன்றே பூட்டி, கயிறோ வேலியோ கட்டி, இடிப்பு முன்மொழிவைப் பி.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். பிள்ளைகள் அதில் படிக்கவில்லை என்றாலும் இடைவேளையில் சாய்ந்த சுவரின் நிழலில்தான் விளையாடுவார்கள். கான்கிரீட் கட்டடத்தின் தளத்துக்கு ஒன்றியப் பொது நிதியிலிருந்து எஸ்டிமேட் கேட்கலாம், ஒரு மாதத்தில் அசைவில்லை என்றால் அதே எஸ்டிமேட்டுடன் எம்.எல்.ஏ. நிதி. பள்ளி மானியம் 25,000-இல் இந்த மழைக்கு முன் குழாயும் மாடிச் செடியும். கழிவறைக் கதவுக்கு நிதி ஆணையத்தின் சுகாதாரப் பங்கு. முன்னாள் மாணவர்கள் கேட்டால் சுற்றுச்சுவர். அன்பழகன் திட்டத்தின் பட்டியலில் பெயரைச் சேர்ப்பதும் நடக்கட்டும், ஆனால் மற்ற எதுவும் அதற்காக நிற்கக் கூடாது.

காலம்தான் இதில் இறுக்கமானது. மாடி வேலைக்குக் காய்ந்த வானம் வேண்டும், பிள்ளைகள் இல்லாத பள்ளி வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரைதான். அப்போது வேலை நடக்க வேண்டுமானால் மார்ச்சுக்குள் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். அதற்கு நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானம், தவறினால் ஜனவரி 26. நவம்பர் இன்னொரு வகையிலும் நல்ல நேரம், எங்கே ஒழுகுகிறது என்று கட்டடமே காட்டிக்கொண்டிருக்கும். மே 1 கிராம சபையில் போய்க் கேட்டால் அந்தக் கோடை போய்விட்டது என்று அர்த்தம்.

தீர்மானத்தில் "பள்ளிக் கட்டடத்தைச் சீரமைத்துத் தரவேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். கட்டடம் கட்டிய ஆண்டு, அறையின் நீள அகலம், எந்த மூலை ஒழுகுகிறது, கம்பி தெரியும் இடங்கள், அந்த அறையில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை, எந்த நிதியிலிருந்து கேட்கிறோம் என்பது வரை எழுதுங்கள். படங்களை இணையுங்கள். அசல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, நகல்கள் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும். ஒவ்வோர் இடத்திலும் தேதியிட்ட ஒப்புகை வாங்கிப் பள்ளி மேலாண்மைக் குழுவின் பதிவேட்டில் ஒட்டிவையுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தேதியைச் சொல்லிப் பதில் கேட்கப் போகிறவர் யார் என்பதையும் அதே கூட்டத்தில் பெயர் சொல்லி முடிவு செய்துவிடுங்கள்.